ஷார்ஜாவில் நின்ற பிராடோ: கருங்கல் குடும்பம் ஒன்றின் கார் கணக்கு

அத்தான் 2006இல் ஷார்ஜாவுக்குப் போனார். அங்கே ஒரு கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்து இப்போது போர்மேன். வீடு குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். 2022இல் அங்கே ஒரு பழைய டொயோட்டா பிராடோவை 95,000 திர்ஹத்துக்கு வாங்கினார். 2019 மாடல். கராஜ் ஆள் என்பதால் அந்த வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். 2025 கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தபோதுதான், அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடுவதாகவும் பிராடோவையும் கூடவே கொண்டுவரப்போவதாகவும் சொன்னார். ஒரு ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டிருந்தார். அதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

நான் மார்த்தாண்டத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். வரிப் படிவங்களோடுதான் என் பகல் கழிகிறது. ஏஜென்ட் எழுதிக்கொடுத்த தாளை அத்தான் என் மேஜையில் வைத்தார். கப்பல் கூலி, கொச்சியில் இறக்கும் செலவு, ‘நம்பர் மாற்றும் செலவு’, மொத்தம் 12 லட்சம். சுங்கவரி என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை.

“மக்கா, எனக்க வண்டிய நான் கொண்டாரதுக்கு கவர்மென்டுக்கு என்ன நஷ்டம்? அங்க முப்பது லட்சத்துக்கு கிடைக்கிற வண்டிய இங்க எதுக்கு ஐம்பது லட்சம்னு விக்கான்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த பத்து நாள் போனது. எங்கள் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இல்லை. இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும் என்பதால், நாங்கள் தெரிந்துகொண்டதை முழுதாக எழுதிவைக்கிறேன்.

ஏஜென்டின் தாள்

முதலில் அந்த 12 லட்சம். வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவரச் சில நிபந்தனைகள் உண்டு. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். அத்தானின் வண்டிக்கு ஆறு வயது. வளைகுடாவில் எல்லாமே இடப்பக்க ஸ்டியரிங். கொச்சி என்று ஏஜென்ட் எழுதியிருந்தார். மூன்றிலும் அடிபட்டது.

“அப்போ கார்னெட்டுன்னு சொன்னாரே?” என்றார் அத்தான். கார்னெட் என்பது சுற்றுலாவுக்காக வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவரும் அனுமதி. கேரளத்துச் சாலைகளில் துபாய் நம்பர் பலகையோடு சில வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அவை அப்படி வருபவைதான். குறித்த காலத்துக்குள் திரும்பக் கப்பலேற்ற வேண்டும். இங்கே விற்கவோ நம்பர் மாற்றவோ முடியாது. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமானில் கிடைக்கும் சுங்கச் சலுகையிலும் கார் சேராது.

ஏஜென்ட் பிடிவாதமாகப் பேசினார். எங்கள் அண்ணனும் நானும் நான்கு தடவை நேரில் போய் நின்ற பிறகு ஒரு லட்சம் திரும்ப வந்தது. மீதி ஐம்பதாயிரம் போனதுதான். இருபது வருடம் வெயிலில் நின்று சேர்த்த பணத்தில் ஐம்பதாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை. அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

களியக்காவிளை பங்க்

சரி, பிராடோ வராது. ஆனால் அத்தானின் கேள்வி அப்படியேதான் இருந்தது. நான் அதைக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து தொடங்கினேன். நம் பக்கத்து பங்கில் பெட்ரோல் ஒரு விலை, எல்லையைத் தாண்டி பாறசாலை பக்கம் போனால் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் அதிகம். அதே எண்ணெய்தான், மாநில வரிதான் வேறு. அதனால்தான் கேரள நம்பர் வண்டிகள் நம் பக்கம் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன.

பெட்ரோலை இப்படி எல்லை தாண்டி வாங்க முடிகிறது. காரை வாங்க முடியாது. காருக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி பதிவு இருக்கிறது. எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோமோ அந்த மாநில ஆர்டிஓவில்தான் பதிய வேண்டும். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்து இங்கே வரி கட்ட வேண்டும். சாலை வரி குறைவு என்று புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிந்து கேரளத்தில் ஓட்டியவர்கள் மேல் அங்கே வழக்குகள் வந்ததும் இதனால்தான். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு என்றால், நாட்டுக்கு நாடு எவ்வளவு இருக்கும்!

குமரிக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுங்கச் சவுக்கை (சோதனைச்சாவடி) இருந்த காலத்தில், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. சுங்கான்கடை வழியாகப் போகும்போதெல்லாம் அந்த ஊர்ப் பெயரில் எனக்குச் சுங்கம்தான் கேட்கிறது.

வரி மேல் வரி

அத்தானுக்கு ரொம்பப் பிடித்த வண்டி லேண்ட் க்ரூசர். பிராடோவுக்கு அண்ணன். அதையே எடுத்துப் பிரித்தோம். லேண்ட் க்ரூசர் 300 ஜப்பானில் செய்து முழு வண்டியாக இந்தியாவுக்கு வருகிறது. 2023 ஜனவரியில் இங்கே அறிமுகமானபோது ஷோரூம் விலை 2 கோடியே 10 லட்சம்.

பின்னாலிருந்து வரியை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அப்போது பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அதன் மேல் செஸ் 22 சதவீதம், ஆக 50. அதைக் கழித்தால் 1 கோடியே 40 லட்சம். விலை 40,000 டாலரைத் தாண்டும் இறக்குமதிக் காருக்கு அப்போது சுங்கமும் அதன் மேல் சர்சார்ஜும் சேர்த்து 110 சதவீதம். அதையும் கழித்தால் 66 லட்சத்து 67 ஆயிரம். கம்பெனி லாபம், டீலர் லாபம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த மோட்டாவான கணக்குதான் இது. இருந்தாலும், துறைமுகத்தில் சுமார் 65 லட்சத்துக்கு இறங்கும் வண்டி எப்படி 2 கோடிக்கு மேல் போகிறது என்பது புரிந்துவிடும். சுங்கத்தைச் சேர்த்த தொகை மேல் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியைச் சேர்த்த விலை மேல் நம் மாநிலச் சாலை வரி. 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். அப்படியென்றால் இந்த வண்டிக்குச் சாலை வரி மட்டும் 42 லட்சம். கருங்கல் பக்கம் அந்தக் காசுக்கு நல்ல வீடு கட்டலாம்.

அதே வண்டி ஷார்ஜாவில் இறங்கும்போது? வளைகுடா நாடுகளின் பொதுச் சுங்கம் 5 சதவீதம். 2018 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் வாட் 5 சதவீதம். அவ்வளவுதான். சவுதியிலும் வாட் 5 சதவீதமாகத்தான் தொடங்கியது, 2020 ஜூலையில் 15 ஆனது. அந்த மாதம் பிறப்பதற்குள் வண்டி எடுக்க அங்கே எல்லோரும் ஓடினார்கள் என்று அத்தானின் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது.

வளைகுடாவில் கார் தொழிற்சாலை பெரிதாகக் கிடையாது. காப்பாற்ற வேண்டிய உள்ளூர்க் கம்பெனி இல்லை, அரசுக்கு எண்ணெய் வருமானம் இருக்கிறது. அங்கே வரி குறைவாக இருக்க இதுதான் காரணம். இந்தியா காரைத் தன் மண்ணில் செய்யச் சொல்கிறது. பாகங்களாக வந்து இங்கே பூட்டும் வண்டிக்குச் சுங்கம் மிகவும் குறைவு, முழு வண்டியாக வந்தால் பொதுவாக 70 முதல் 110 சதவீதம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் வந்ததில் இந்தச் சுவருக்கும் பங்கு உண்டு. எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக் பையன்கள் எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள்! அதனால் இந்த வரியை முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தானுக்கு என் பதில் பிடிக்கவில்லை.

வரி மட்டும் என்றால் ஜிம்னி எப்படி?

இதோடு நிறுத்தியிருந்தால், ‘எல்லாம் வரிதான்’ என்று கணக்கை மூடியிருப்போம். இடையில் ஒரு வண்டி குறுக்கே வந்தது. மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி ஹரியானாவில் செய்யப்படுகிறது. இந்தியாவில் 2023 ஜூனில் 12 லட்சத்து 74 ஆயிரத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் அதையே கப்பலேற்றி ஜப்பானில் ‘ஜிம்னி நோமேட்’ என்ற பெயரில் விற்பதாக அறிவித்து ஆர்டர் எடுக்கத் தொடங்கினார்கள். நான்கே நாளில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, முன்பதிவையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஜப்பானில் ஆரம்ப விலை 26 லட்சத்து 51 ஆயிரம் யென். அப்போதைய மதிப்பில், யென்னுக்கு 55 பைசா என்று வைத்தால், 14 லட்சத்து 58 ஆயிரம் ரூபாய்.

ஜப்பானின் நுகர்வு வரி 10 சதவீதம். வெளிநாட்டுக் காருக்கு அங்கே சுங்கமே கிடையாது. அந்த 10 சதவீதத்தைக் கழித்தால் வண்டியின் விலை சுமார் 13 லட்சத்து 25 ஆயிரம். இந்தியாவில் அந்த வண்டிக்கு அப்போது வரி 45 சதவீதம். நாலு மீட்டருக்குள் அடங்கினாலும் இன்ஜின் 1200 சிசியைத் தாண்டியதால் அந்த விகிதம். அதைக் கழித்தால் சுமார் 8 லட்சத்து 79 ஆயிரம்.

இந்த இரண்டு எண்ணையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு நானும் அத்தானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே தொழிற்சாலை. வரி இல்லாத விலையில் ஜப்பானில் நாலரை லட்சம் அதிகம். கப்பல் கூலி உண்டு, ஜப்பானில் விற்பதில் கேமரா பார்த்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் உண்டு. அவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் முழு வித்தியாசத்தையும் அவற்றால் விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜப்பான்காரர் எவ்வளவு கொடுப்பார், இந்தியர் எவ்வளவு கொடுப்பார் என்று பார்த்துத்தான் கம்பெனி விலை போடுகிறது. குளச்சல் துறையில் அதே நெய்மீன், உள்ளூர் வீட்டுக்குப் போகும்போது ஒரு விலை, ஏற்றுமதி வியாபாரி நிற்கும் நாளில் ஒரு விலை. மீனவர் யாரையும் ஏமாற்றவில்லை, எதிரே நிற்பவரைப் பார்த்து விலை சொல்கிறார்.

ஐரோப்பாவில் இது அப்பட்டமாகத் தெரியும். டென்மார்க்கில் கார் தொழிற்சாலை இல்லை, ஆனால் பதிவு வரி விலையின் மேற்பகுதிக்கு 150 சதவீதம் வரை போகிறது. வாங்குகிறவருக்கு உலகத்திலேயே விலை கூடிய கார்களில் அவையும் சேரும். ஆனால் ஐரோப்பிய ஆணையம் நாடு வாரியாக விலையைப் பல வருடம் ஒப்பிட்டு வெளியிட்டபோது, வரிக்கு முந்தைய விலை மிகக் குறைவாக இருந்த நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. வரி அவ்வளவு இருக்கும் இடத்தில் கம்பெனியும் தன் விலையை இறக்கித்தான் விற்க முடியும். வரிச்சுமையில் ஒரு பகுதி வாங்குகிறவர் தலையிலும் ஒரு பகுதி கம்பெனி தலையிலும் விழுகிறது.

அப்படியென்றால் ஒரு ஜெர்மானியர், விலை குறைந்த நாட்டில் போய் வாங்கிவர மாட்டாரா? வாங்கினார்கள். 1990களில் இத்தாலியின் லிரா மதிப்பு விழுந்தபோது, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்கள் இத்தாலிக்குப் போய் அதே கம்பெனி வண்டியை மலிவாக எடுத்தார்கள். வெளிநாட்டு ஆட்களுக்கு விற்கக் கூடாது என்று இத்தாலிய டீலர்களை ஃபோக்ஸ்வேகன் தடுத்தது. 1998இல் ஐரோப்பிய ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 10 கோடியே 20 லட்சம் எக்யூ (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பியக் கணக்கு நாணயம்) அபராதம் போட்டது. நீதிமன்றம் பிறகு அதை 9 கோடி யூரோவாகக் குறைத்தது. இந்த வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு சந்தைக்கு நடுவே சுவர் நின்றால்தான் இரண்டு விலை நிற்கும். சில சுவரை அரசு கட்டுகிறது, சிலதைக் கம்பெனி கட்டுகிறது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதும் ஒரு சுவர்தான். வாரண்டி செல்லாது என்ற வாசகமும் ஒரு சுவர்தான்.

வெள்ளிக்கு வாங்கும் அனுமதி

அத்தானின் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். ராத்திரி வீடியோ காலில் வந்தவர், “அண்ணே, இங்க காரை விட காருக்கு அனுமதி விலை ஜாஸ்தி” என்றார். அவர் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும்தான் போய்வருகிறார்.

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ள சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் தொடங்கிய ஏற்பாடு, பத்து வருடம் செல்லும். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். பெரும்பாலும் பழைய வண்டி போனால்தான் புதிய வண்டிக்கு இடம். 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவில் சிஓஇ 1,50,001 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, போனது. அதே வருடமும் 2025இலும் சின்னக் கார் பிரிவும் 1,00,000 வெள்ளியைத் தாண்டியது.

20,000 வெள்ளிக்குத் துறைமுகத்தில் இறங்கும் காரை எடுத்துக்கொள்வோம். 20 சதவீதம் கலால் வரி 4,000. அந்த 24,000 மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி 2,160. கூடுதல் பதிவுக் கட்டணம் வண்டி விலைக்குச் சமமாக இன்னொரு 20,000. சிஓஇ 1,00,000 என்று வைத்தால் மொத்தம் 1,46,160 வெள்ளி. விற்பவர் லாபம் இன்னும் சேரவில்லை. அங்கே நோக்கம் தொழிற்சாலையைக் காப்பாற்றுவது அல்ல, சாலையில் நெரிசல் வராமல் பார்ப்பது. இருக்கிற நிலம் அவ்வளவுதான் என்பதால் அதை ஏலம் போடுகிறார்கள்.

நமக்குக் கடலுக்கு அப்பால் இலங்கையின் காரணம் வேறு. அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருக்கிற பழைய வண்டிகளே கைமாறி, விலை ஏறிக்கொண்டே போனது. வரியே உயராவிட்டாலும் சரக்கு வராவிட்டால் விலை என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சான்று கிடையாது.

ரூபாய்

அத்தான் சொன்ன ‘முப்பது லட்சம்’ என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. ரூபாய் அப்படி இல்லை. 2007 வாக்கில் ஒரு திர்ஹம் 11 ரூபாய் சுற்றளவில் இருந்தது, 2025 முடிவில் 24ஐத் தாண்டிவிட்டது. 60,000 திர்ஹம் வண்டி அன்று 6 லட்சத்து 60 ஆயிரம், 24 என்று வைத்தால் 14 லட்சத்து 40 ஆயிரம். அங்கே விலைச்சீட்டில் ஒன்றும் மாறவில்லை. ஊருக்கு அனுப்பும் பணம் கூடுகிறது என்று நாம் சந்தோஷப்பட்ட அதே காரணத்தால், அங்கே மலிவாகத் தெரிந்த வண்டி இங்கிருந்து பார்க்கும்போது மலிவாக இல்லாமல் போகிறது.

கடைசியில் எடுத்த வண்டி

இவ்வளவும் பேசிய பிறகு அத்தான் இங்கேயே புதிய வண்டி எடுக்கச் சம்மதித்தார். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருக்கிறது. செஸ் போய்விட்டது. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கும் காருக்கு 18 சதவீதம். அதற்கு மேல் 40. மின்சாரக் காருக்கு 5.

நாகர்கோவில் ஷோரூமில் அவருக்குப் பிடித்தது 10 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வகை. மேலே கண்ணாடிக் கூரை, பெரிய திரை. அதற்குக் கீழ் வகை 9 லட்சத்து 80 ஆயிரம். “நாப்பதாயிரம்தானே, எடுத்திருவோம்” என்றார். தமிழ்நாட்டுச் சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம், அதுவும் முழு விலைக்கும். மேல் வகைக்கு வரி 1,83,600. கீழ் வகைக்கு 1,27,400. வண்டியில் வித்தியாசம் 40,000, வரியில் வித்தியாசம் 56,200. ஷோரூம் பையன் இதைத் தானாகச் சொல்லவில்லை. கேட்ட பிறகு கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். கார் எடுக்கப் போகும் யாரும் 10 லட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் இதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

கீழ் வகையை எடுத்தோம். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து கருங்கல் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

அத்தான் ஜனவரியில் திரும்பிப் போனார். போன வாரம் பேசும்போது பிராடோவை விற்றுவிட்டதாகச் சொன்னார். ஷார்ஜாவின் பழைய கார்ச் சந்தையான சூக் அல் ஹராஜில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். இரண்டாம் நாளே ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்து, இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டு, பேரம் பேசாமல் 68,000 திர்ஹம் கொடுத்தாராம். வாங்கியவர் ஆப்பிரிக்காவுக்கு வண்டி அனுப்புகிறவர். அங்கே பல நாடுகளில் இடப்பக்க ஸ்டியரிங்தான், ஆறு வயதும் தடை இல்லை. சாவியைக் கொடுக்கும் முன்னால் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை மட்டும் அத்தான் மெதுவாக உரித்து எடுத்துவைத்திருக்கிறார். வரும்போது கொண்டுவருவாராம்.